பதினெட்டாம் எண்ணுக்கு இருமல்

நாகர்கோவிலில் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு உடனே உள்ளே போகிறவர் வெளியூர்க்காரர். உள்ளூர்க்காரர் ஒரு மழைக்குக் காத்திருப்பார். நனைந்த பலகையில் மேல் பெயின்டுக்கு அடியிலிருந்து பழைய பெயர் எட்டிப் பார்க்கும். அதன்பிறகு பேரம் பேசுவது எளிது.

அபினா வேலையில் சேர்ந்தது ஜூன் மாதம். சாரல் விடாமல் அடித்தது. 'இணைவு பால்புதுமையர் உரிமை மையம்' என்ற எழுத்துக்கு அடியில் 'சுனாமி மறுவாழ்வு' என்று நீலத்தில் தெரிந்தது. அதற்கும் அடியில், மங்கலாக, தேனீ வளர்ப்புக் காலத்து ஒரு தேனீ.

அவளுடைய அப்பாவுக்குக் களியக்காவிளைச் சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரம். குலையைத் தொடாமலே எடை சொல்கிற வீட்டில் வளர்ந்தவள் அந்தத் தேனீயைக் கண்டதுமே அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. இருபத்துநாலு வயதுக்குள் தன்னைப்போல் ஒருத்தியை, பெண்ணை விரும்புகிற பெண் ஒருத்தியை, அவள் நேரில் கண்டதில்லை. போனில் கண்டவர்கள் எல்லாம் பெங்களூரிலும் பெர்லினிலும் இருந்தார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில், பஸ் போகிற தூரத்தில், ஒருத்தியாவது இருப்பாள். இருந்தால் என்றைக்காவது இந்த வாசல் வழியாக வருவாள். இதுதான் அபினாவின் கணக்கு. நிகழ்ச்சி ஏற்பாடும் அலுவலக உதவியுமாக ஆறு மாத இன்டர்ன்ஷிப். வீட்டில் 'பெண்கள் நலன்' என்று சொல்லியிருந்தாள்.

இயக்குநர் டாக்டர் கபிரியேல் அவளை எதிரில் உட்கார வைத்தார். எதில் டாக்டர் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. தேனீயில் என்று பலகை யூகிக்க வைத்தது.

"இந்த விஷயத்துல ஒனக்கு அருவருப்பு ஒண்ணும் இல்லல்லா?" என்றார்.

"இல்ல சார்."

"கொள்ளாம். பின்னே ஒண்ணு, பேடிக்காண்டாம், பயமே வேண்டாம் கேட்டியா. நம்ம ஆபீஸ்ல அந்த மாதிரி ஆளு ஒருத்தரும் கெடையாது. எல்லாரும் குடும்பம் உள்ளவிய."

அபினா தலையாட்டினாள். சேர்க்கைப் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: சமூகத்தைச் சேர்ந்தவர், தோழமையாளர், சொல்ல விரும்பவில்லை. முதல் கட்டத்தின்மேல் அவளுடைய பேனா நின்றது. நிற்கும்போதே நிர்வாக அலுவலர் லீலாபாய் படிவத்தை உருவி இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். கை மட்டும் ஓய்வு பெறவில்லை.

"எல்லாருக்கும் ரெண்டாவதுதான். மூணாவதப் போட்டா தனி ஃபைல் தொறக்கணும். முதலாவதப் போட்டா அலமாரியே வேற," என்றார்.

அன்றைக்குப் படிக்கக் கொடுக்கப்பட்டது 'ரகசியக் காப்பு நெறிமுறை'. நாற்பத்தொரு பக்கம். சாரம் இதுதான்: உறுப்பினர்களுக்குப் பெயர் கிடையாது, எண் உண்டு. எண்கள் பதினொன்றில் தொடங்கும். ஒன்று முதல் பத்துவரை முக்கிய விருந்தினர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, இதுவரை யாரும் வந்து வாங்கவில்லை. மாதாந்தரக் கூடலுக்கு ஒருவர் வந்து பத்து நிமிடம் கழித்து அடுத்தவர் வர வேண்டும். போகும்போதும் அப்படியே, மணி அடித்து, எண் சொல்லி, பின்வாசல் வழியாக. எந்த உறுப்பினரும் இன்னொரு உறுப்பினரை எக்காரணம் கொண்டும் பார்த்துவிடக் கூடாது.

"ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டா ரகசியம் ரெண்டாயிருமில்லியா?" என்றார் கபிரியேல். "மூணு வருஷமாச்சு. பாத்துட்டோம்னு ஒரு புகார் வந்ததில்ல."

இதைச் செயல்படுத்த அவர் கண்டுபிடித்த வழியை எந்த மாநிலத்திலும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கடற்கரைப் பக்கத்து மாதா கோயில் ஒன்றை இடித்துக் கட்டியபோது பழைய பாவசங்கீர்த்தனத் தொட்டிகள் ஏலத்துக்கு வந்தன. சாமியார் நடுவில் இருக்க, பாவத்தைச் சொல்ல வந்தவர்கள் இரண்டு பக்கமும் முழங்காலிடுகிற மரக்கூண்டு. கபிரியேல் ஆறு கூண்டுகளை எடுத்தார். முழங்கால்படியில் குஷன் தைத்துப் போட்டு இருக்கையாக்கினார். சாமியாரின் இடத்தை இருபுறமும் பிளைவுட்டால் அடைத்து அங்கே டீ பிளாஸ்க் வைத்தார். கூண்டுக்கு இரண்டு பேர் வீதம் பன்னிரண்டு பேர், பதினொன்று முதல் இருபத்திரண்டு வரை. பதினேழும் பதினெட்டும் ஒரே கூண்டின் இரண்டு கன்னங்கள்.

அபினா சேர்ந்தபின் நடந்த முதல் கூடலுக்குப் பதினொரு பேர்தான் வந்தார்கள். நிதி தருகிறவர்களின் விதிப்படி பன்னிரண்டுக்குக் குறைந்தால் அது கூடல் ஆகாது. லீலாபாய் அலுவலகத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"ஏட்டி, நீ பதினெட்டுல போயி இரி. ஒரு மணிக்கூறு அவியள மாதிரி நடிச்சாப் போரும்."

"எப்பிடி நடிக்கணும் மேடம்?"

"சும்மா சோகமா இரி."

அபினா போய் இருந்தாள். உள்ளே பழைய மெழுகும் வார்னிஷும் மணத்தன. நடிக்கும் வேலை அதிகம் இருக்கவில்லை. பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ குடையை மடக்கும் சத்தம் கேட்டது. ஒரு மூச்சு. ஒரு 'ம்ம்'. இருபத்துநாலு வருஷத்தில் முதல்முறையாக இரண்டு முழம் தூரத்தில் ஒரு ஆள்! ஆணா, பெண்ணா, அதுகூடத் தெரியாது. தட்டலாம் என்று விரலை மடக்கினாள். பத்தொன்பதாம் பக்கம் நினைவுக்கு வந்தது: தட்டுதல், முனகுதல், பாடுதல், மணம் மிகுந்த பூ சூடுதல் ஆகியவை தடைசெய்யப்பட்டுள்ளன. விரலை நீட்டிக்கொண்டாள்.

ஒலிபெருக்கியில் கபிரியேலின் குரல் வந்தது.

"அன்பார்ந்த உறுப்பினர்களே! நீங்கள் தனியாக இல்லை. உங்களைப்போலவே உணர்கிற இன்னும் பதினொரு பேர் இதே அறையில் இருக்கிறார்கள். அவர்களை நீங்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்க மாட்டீர்கள். அந்த உத்தரவாதத்தை நான் தருகிறேன்!"

கைதட்டல் கேட்டது. தட்டியது லீலாபாய். சாரல் ஈரத்தில் இரண்டு வாரமாக நெஞ்சில் கிடந்த இருமல் அப்போது அபினாவுக்குப் புறப்பட்டது. அடக்க அடக்க வந்தது. நெறிமுறையின் நாற்பத்தொரு பக்கத்திலும் இருமலுக்குத் தடை இல்லை. யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

மறுநாள் கருத்துப் படிவங்களைத் தட்டச்சு செய்வது அவள் வேலை. 'நன்று', 'நன்று', 'மின்விசிறி வேண்டும்', 'நன்று'. பதினேழாம் எண்ணின் படிவத்தில், மருந்துச்சீட்டு எழுதுகிற மாதிரி சாய்ந்த கையெழுத்தில் இப்படி இருந்தது:

'பதினெட்டாம் எண்ணுக்கு இருமல். தொண்டை இருமல் அல்ல, நெஞ்சு. வெந்நீர் கொடுக்கவும்.'

அபினா அதை மூன்று தடவை தட்டச்சு செய்தாள். இரண்டு தடவை பிழை வந்தது. அன்றைக்கு ராத்திரி வடசேரி ஹாஸ்டலில் வார்டனிடம் கெஞ்சி வெந்நீர் வாங்கி, மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து குடித்தாள். தனியாகத்தான் குடித்தாள். ஆனால் ஒருவர் சொல்லிக் குடித்தாள்.

இங்கேதான் நிர்வாகத்தின் மகிமை. ஒவ்வொரு கருத்துக்கும் எடுக்கப்பட்ட நடவடிக்கையை எழுத்தில் அறிவித்து, முத்திரை குத்தி, மூடிய உறையில் அடுத்த கூடலில் அந்த எண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது லீலாபாய் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து கொண்டுவந்த சட்டம். ஆகவே ஜூலை மாதம் பதினேழாம் எண்ணுக்கு அரசாங்க மரியாதையோடு ஓர் உறை போனது: 'தங்கள் கருத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை: பதினெட்டாம் எண் வெந்நீர் குடித்தார்.'

ஜூலையிலும் ஆள் குறைந்தது. "நேத்தைய மாதிரி சோகமா இரி," என்று லீலாபாய் அவளைப் பதினெட்டுக்கு அனுப்பினார். போன மாதத்தை நேற்று என்றார். அவருக்கு எல்லா மாதமும் நேற்றுதான். ஜூலைப் படிவத்தில் பதினேழு கேட்டிருந்தார்: 'ராத்திரியில் கூடுகிறதா?' நடவடிக்கை: 'விடியற்காலையில் கூடுகிறது.' ஆகஸ்டில்: 'சுக்கும் நல்லமிளகும் தட்டிப் போட்டுக் குடிக்கவும். தலைக்கு எண்ணெய் வேண்டாம். கூட ஆள் உண்டா?'

இந்தக் கடைசிக் கேள்விக்கான நடவடிக்கையைத் தட்டச்சு செய்ய அபினாவுக்கு மத்தியானம் முழுக்க ஆனது. 'இல்லை' என்று அடித்தாள். அதற்கு அடியில் 'தங்களுக்கு?' என்று சேர்த்தாள்.

லீலாபாய் முத்திரையை அந்தரத்தில் நிறுத்தினார். "இதென்னது? நடவடிக்கையில கேள்வி கேக்கப்பிடாது. கேள்வி அவிய கேக்கணும், நடவடிக்கை நம்ம எடுக்கணும்."

கேள்வி அழிக்கப்பட்டது. அடுத்த கூடலில் அபினா அதைப் பதினெட்டாம் எண்ணின் கருத்துப் படிவத்தில், 'பதினேழுக்கு' என்று குறித்துத் தானே எழுதி, மறுநாள் தானே தட்டச்சு செய்து, லீலாபாயிடம் தானே நீட்டினாள். முத்திரை இடி மாதிரி விழுந்தது. முறைப்படி வந்தால் லீலாபாய் எதையும் தடுக்க மாட்டார். அக்டோபரில் பதில் வந்தது: 'இருந்தது. ஆறு வருஷமாக இல்லை.'

இதற்கிடையில் செப்டம்பரில் ஒருநாள் நட்ட நடுப்பகலில், முன்வாசல் வழியாக, சிவப்புச் சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து ஒருவர் வந்தார். கல்யாண வீடுகளுக்குச் சமையல் எடுத்துச் செய்கிற திருநங்கை சபிதா.

"எனக்க பேரு சபிதா. உறுப்பினராச் சேரணும்," என்றார்.

லீலாபாய் இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். "பேரச் சொல்லாதீங்க! முன்வாசல்ல ஏன் வந்திய? யாரும் பாத்தாவளா?"

"பாக்காம பின்னே? பஸ் ஸ்டாண்டுலேருந்து நடந்தாக்கும் வந்தேன். வடசேரி மொத்தம் பாத்துது."

"ஒங்க ரகசியத்தக் காப்பாத்துறதுதான் எங்க சேவை."

"எனக்கு ரகசியம் ஒண்ணும் இல்லியே."

லீலாபாய் நெறிமுறையைப் புரட்டினார். முன்னாலிருந்து புரட்டினார், பின்னாலிருந்தும் புரட்டினார். "ரகசியம் இல்லாதவியளுக்கு எங்க திட்டத்துல பிரிவு இல்ல," என்று வருத்தத்துடன் அறிவித்தார். "சமையல் டெண்டர் வேணும்னா போடுங்க. அதுக்குப் படிவம் இருக்கு."

சபிதா சிரித்துவிட்டுப் படிவத்தை வாங்கிக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது, குடையை எடுத்துக் கொடுக்க வந்த அபினாவை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"நீ சரிக்கும் ஸ்டாஃபுதானாட்டி மக்கா?"

"ஆமா. தோழமையாளர்," என்றாள் அபினா.

"ம்," என்றார் சபிதா. அந்த ஒரு எழுத்து அபினாவின் காதில் ஒரு வாரம் இருந்தது. சொல்ல ஓர் ஆள் தானாக வாசலுக்கு வந்தது. அவளோ கட்டத்துக்குள் டிக் போட்ட மாதிரி பதில் சொல்லி அனுப்பிவிட்டாள்.

நவம்பரில் அம்மா கூப்பிட்டாள். "இந்த மாசத்தோட முடியுதா?"

"அடுத்த மாசம், ரெண்டாம் சனிக்கிழம."

"ஞாயிறு காலத்த வீட்டுல நிக்கணும் கேட்டியா. மார்த்தாண்டத்துக்காரவிய வாறாவ. பையன் ஆஸ்திரேலியாவுல. நீ ஒண்ணும் பேசாண்டாம், சும்மா சந்தோசமா இரி."

ஒரு பக்கம் சோகமாக இருக்கச் சொன்னார்கள், இன்னொரு பக்கம் சந்தோஷமாக. அபினா போனை வைத்துவிட்டு நாள்களை எண்ணினாள். அந்தச் சனிக்கிழமைக்குள் பதினேழைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் போனால் அந்தச் சாய்ந்த கையெழுத்து அலமாரிக்குள் போய்விடும், அவள் மார்த்தாண்டத்துக்குப் போய்விடுவாள். அப்படி ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா என்பதுகூடப் பிறகு சந்தேகமாகிவிடும்.

முறைப்படி முயன்று பார்த்தாள். கபிரியேலிடம் போய், இரண்டு உறுப்பினர்கள் சந்திக்க விரும்பினால் வழி உண்டா என்று கேட்டாள்.

"ஏன் இல்ல? நம்ம என்ன கல்நெஞ்சுக்காரங்களா?" என்று அவர் முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்தார். "இருவரும் சம்மதக் கடிதத்தில், ஒருவர் முன்னிலையில் ஒருவர், கையெழுத்திட வேண்டும்."

"ஒருவர் முன்னிலையில் ஒருவர் வரணும்னா?"

"அதுக்கு அனுமதி வேணும்."

"அனுமதிக்கு?"

"சம்மதக் கடிதம் வேணும்." அவர் பெருமையோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு ஓட்டை கெடையாது பாத்தியா? நானே எழுதினது."

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை ஆண்டு விழா. 'சங்கமம்' என்று பெயர். நிதி தருகிற நிறுவனத்திலிருந்து டெல்லி மேடம் ஒருவர் வருகிறார். நகரத்துக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபம். ஆறு கூண்டுகளையும் லாரியில் ஏற்றி அபினா முன்னால் உட்கார்ந்து போனாள். சந்திப்பில் லாரி நின்றபோது ரோட்டோரம் நின்ற பாட்டிமார் இரண்டு பேர் நெற்றியில் சிலுவை போட்டார்கள். ஒருத்தி ஓடி வந்து, "எந்தக் கோயிலுக்கு மக்கா கொண்டு போறிய? சாமியார் எப்பம் வருவாரு? எனக்கு ஒரு காரியம் சொல்லணும்," என்றாள். எல்லாருக்கும் சொல்ல ஒரு காரியம் இருக்கிறது என்று அபினா நினைத்துக்கொண்டாள்.

மேடையில் பதின்மூன்று நாற்காலி. அரங்கத்தில் இருநூறு கல்லூரி மாணவர்கள். முடிவில் வருகைச் சான்றிதழ் உண்டு என்று அறிவித்திருந்தும், யாரும் நழுவாதபடி கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. கூண்டுகளைப் பந்தி நடக்கிற பின்கூடத்தில் திரை போட்டு வைத்தார்கள். சமையல் டெண்டரைச் சபிதா எடுத்திருந்தார். பின்கூடத்தின் மூலையில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. காலையிலேயே லீலாபாய் அபினாவுக்குச் சட்டம் போட்ட சான்றிதழைக் கொடுத்துவிட்டார்: 'சிறந்த தோழமையாளர்'. கொடுத்த கையோடு, "இன்னிக்கும் ஒண்ணு கொறையிது. பதினெட்டு," என்றார்.

கூண்டுக்குள் இருந்தபடி அபினா விழாவைக் காதால் கண்டாள். பொன்னாடை போர்த்தல் நாற்பது நிமிடம் நடந்தது. மேடையிலிருந்த பதின்மூன்று பேரும் ஒருவருக்கொருவர் போர்த்தி முடித்தபோது இன்னும் இரண்டு பொன்னாடை மிஞ்சியது. மைக்செட்காரருக்கும் மண்டபத்து மேனேஜருக்கும் போர்த்தினார்கள். பிறகு டெல்லி மேடம் கேட்டதை ஒருவர் தமிழில் சொன்னார்: "எல்லாரையும் பார்த்தேன், மகிழ்ச்சி. சமூகத்தினர் எங்கே?"

"அந்தத் திரைக்குப் பின்னால், மேடம். கூண்டுகளுக்குள்ளே. மிகவும் பத்திரமாக இருக்கிறார்கள்," என்றார் கபிரியேல். "எங்கள் வெற்றிக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பதினெட்டாம் எண் என்று ஒருவர். கடும் இருமல். எங்கள் கருத்துப் படிவத் திட்டத்தின் மூலம் பதினேழாம் எண் அதைக் கவனித்து, ஆறு மாதமாகச் சுகாதார ஆலோசனை வழங்கி வருகிறார். அதாவது, நாங்கள் வழங்கி வருகிறோம்!"

கைதட்டல் கேட்டது. இந்தமுறை பலர் தட்டினார்கள். "அழகு!" என்றார் டெல்லி மேடம். "இருவரும் இப்போது நண்பர்களா?"

"ஐயோ, இல்லை மேடம்!" கபிரியேலின் குரலில் உண்மையான பதற்றம். "ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பார்த்துவிட்டால் பிறகு எங்கள் தேவை என்ன? அவர்கள் பாட்டுக்கு ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொள்வார்களே! அடுத்த மாதத்திலிருந்து அந்த ஆபத்தும் இல்லை. ஒவ்வொரு கூடலுக்கும் எண்கள் மாறும். யார் யாரென்று எங்களுக்கே தெரியாது."

"இதை இன்னும் ஆறு மாவட்டத்துக்குக் கொண்டு போகலாம்," என்றார் டெல்லி மேடம்.

கூண்டுக்குள் அபினா அசையாமல் இருந்தாள். பிளைவுட்டுக்கு அப்பால் குடையின் பித்தான் ஒருமுறை திறந்து மூடியது. மறுபடி திறந்து மூடியது.

திரை விலகியது. லீலாபாய். "ஏட்டி, வெளிய வா. மேடையில நினைவுப் பரிசுத் தட்டு தூக்க ஆளில்ல, நான் போறேன். மணி இந்தா. பதினொண்ணுல தொடங்கு. பத்து நிமிஷம், கேட்டியா? வாச்சப் பாத்து அடி."

பித்தளை மணியோடு அபினா கூடத்தின் நடுவில் நின்றாள். பதினொன்றில் தொடங்கினால் பதினேழு வர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் லீலாபாய் திரும்பிவிடுவார். பதினேழு முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போகும். பத்து நிமிடம் கழித்துப் பதினெட்டு போகும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பஸ் நாகர்கோவிலிலிருந்து சுங்கான்கடைக்கே போய்விடும்.

மணியை அடித்தாள். "பதினேழு."

கூண்டுக் கதவு திறந்தது. ஐம்பது தாண்டிய ஒரு பெண். வெளிர் நீலக் காட்டன் சேலை, ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச், கையிடுக்கில் குடை. விதிப்படி யாரையும் பார்க்காமல் பின்வாசலை நோக்கி நடந்தார்.

அபினா மறுபடி அடித்தாள். "பதினெட்டு."

அந்தப் பெண்ணின் கால் நின்றது. பத்து நிமிடம் ஆகவில்லை, பத்து விநாடிகூட ஆகவில்லை. திரும்பிப் பார்த்தார். பதினெட்டாம் எண்ணின் கதவு திறந்தேதான் கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. மணியை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை நின்றாள், கழுத்தில் ஸ்டாஃப் அட்டை.

"நீயா?" என்றார்.

"நான்தான்."

"ஸ்டாஃபுல்லா நீ?" அவர் முகம் மெல்ல மூடியது. "ஆளு தெகையாம இருத்தினதா? ஆறு மாசமும்?"

"இருத்தினதுதான். ஆனா..."

"அப்பம் இருமலு? அதும் நடிப்பா?"

அபினாவின் வாயில் சொல் இருந்தது. எந்தப் படிவத்திலும் எழுதாத சொல், சபிதாவிடம் விழுங்கிய சொல். "நடிக்கல்ல," என்றாள். "ஸ்டாஃபாத்தான் இருத்தினாவ. ஆனா எனக்குப் பொம்பிளப் பிள்ளையளத்தான் பிடிக்கும். இதுவர ஆரிட்டயும் சொன்னதில்ல." சொன்ன வேகத்தில் மூச்சு தடுக்கி இருமல் வந்தது. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

அந்தப் பெண் தலையைச் சாய்த்துக் கேட்டார். இருமல் முடியும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"நெஞ்சு மாறியிட்டு," என்றார். "இது தொண்டை. பேடிச்சா வாறது. நடிச்சா இப்பிடி வராது."

அடுத்தடுத்து இரண்டு மணி அடித்ததைத் தீப்பிடித்ததன் அறிகுறியாக மற்றக் கூண்டுகள் எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பதின்மூன்றாம் எண் வெளியே பாய்ந்து இருபதாம் எண்மேல் மோதி நின்றது.

"லேய், நீயா? குளச்சல் பஸ்ஸுல தினமும் எனக்கு ஜன்னல் சீட்டு தராதவன்!"

"நீயாலே? மூணு வருஷமா ஒரு சிரிப்புகூடச் சிரிக்காம..."

"யாருன்னு தெரிஞ்சாத்தானேலே சிரிக்க?"

மூலையிலிருந்து சபிதா கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எண்ணிப் பன்னிரண்டு கிளாஸ் எடுத்து டீயை ஆற்றத் தொடங்கினார். அபினாவிடம் கிளாஸை நீட்டும்போது, "தோழமையாளருக்குச் சீனி கூட வேணுமா?" என்றார். அபினா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஒலிபெருக்கியில் கபிரியேல் நிறைவுரைக்கு வந்திருந்தார்: "இந்த நிமிடத்திலும், நண்பர்களே, அவர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல், நம் பாதுகாப்பில்..."

அந்தப் பெண்ணும் அபினாவும் பின்வாசல் படியில் உட்கார்ந்தார்கள். அவர் டீயை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பெயர் குளோரி. ஊர் இனயம். குவைத்தில் இருபது வருஷம் நர்ஸ்.

"அங்க ரோஸ்லின்னு ஒருத்தி. பதினொண்ணு வருஷம் ஒரே ரூம்ல. ஊருல கூட்டுக்காரின்னு சொன்னோம். அவளுக்கும் இருமல்லதான் தொடங்கிச்சு. நர்ஸாக்கும் நான், எனக்கே ஒறைக்கல்ல." குளோரி ரோட்டைப் பார்த்தார். "அவ போனப்பம் அவ அண்ணன் எனக்கு ஒரு நன்றி சொன்னான். பாத்துக்கிட்டதுக்கு. அம்புட்டுதான். அதுக்குப் பெறகு ஒரு இருமல் கேட்டா எனக்கு இருப்புக் கொள்ளாது."

அபினா டீயை ஒரு மிடறு குடித்தாள். தேடி வந்தது வேறு என்னவோ. தன் வயசில், தன் மாதிரி ஒருத்தி என்று ஆறு மாதமாக மனசில் ஒரு முகம் வரைந்து வைத்திருந்தாள். அந்த முகம் இது அல்ல. ஆனாலும் எழுந்துபோகத் தோன்றவில்லை. நாளைக்கு மார்த்தாண்டத்துக்காரர்கள் வருவார்கள் என்பதைச் சொன்னாள். குளோரி புத்தி ஒன்றும் சொல்லவில்லை. "ம்," என்று கேட்டுக்கொண்டார்.

உள்ளே நாட்டுப்பண் ஒலித்தது. பதின்மூன்றும் இருபதும் டீ கிளாஸோடு விறைப்பாக எழுந்து நின்றார்கள். முடிந்ததும் லீலாபாயின் குரல் கேட்டது: "ஐயோ! எல்லாரும் கண்ண மூடுங்க! யாரும் யாரயும் பாக்கப்பிடாது!" யாரும் மூடவில்லை. தூரத்தில் நாகர்கோவில் பஸ் வந்தது. குளோரி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அடுத்த மாசம் நம்பர் மாறும்," என்றாள் அபினா. "நானும் இங்க இருக்க மாட்டேன்."

"நம்பரு மாறட்டு. பேரு என்னட்டி ஒனக்கு?"

ஆறு மாதத்தில் நாற்பத்தொரு பக்கத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லாத கேள்வி. அபினா எழுந்து நின்றாள். முதல் தடவை சொன்னபோது இருமலில் பாதி போய்விட்டது. குளோரி பஸ்ஸுக்குக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஏறாமல், காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் தடவை முழுசாகச் சொன்னாள்.